கண்ணாடிக்குக் காப்பு

நாம் தமிழ் இலக்கியம் படித்தவர்கள். கருவிகளைப் பற்றிக் கருத்துரைக்கும் தகுதி நமக்கு இல்லை. ஆயினும் தகுதியில்லாத பொருளைப் பற்றித்தான் மனிதர் மிகுந்த உறுதியோடு பேசுவர் என்பதற்கு நாமே சான்றாக இருந்திருக்கிறோம். கைப்பேசித் திரையின்மேல் ஒட்டப்படும் காப்புக் கண்ணாடி தேவையா, வீண் செலவா என்னும் வினாவில் நாம் மூன்றாண்டுக் காலம் ஒரே கட்சியில் உறுதியாக நின்றோம். அக்கட்சியை விட்டு விலகிய கதையை இங்கே எழுதுகிறோம். கதையில் நமக்குப் பெருமை தருவது ஏதுமில்லை.

செஞ்சிப் பேருந்து நிலையத்தை அடுத்த ஒரு கடையில்தான் நம் கைப்பேசியை வாங்கினோம். பெட்டியைப் பிரித்துக் கொடுத்த இளைஞர், "டெம்பர் போட்டுடலாங்களா சார்? நூறு ரூபாதான்" என்றார். டெம்பர்டு கிளாஸ் என்னும் தொடர் நம் கடைத்தெருவில் அவ்வாறு சுருங்கி வழங்குகிறது. நாம் அவரைப் பார்த்து, "உள்ளே இருப்பதும் கண்ணாடி, மேலே ஒட்டுவதும் கண்ணாடி. கண்ணாடிக்குக் கண்ணாடியே காவலா தம்பி?" என்று கேட்டோம். அவர் சிரித்தார். "உங்க விருப்பம் சார்" என்று சொல்லிப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கேள்வி நமக்கே மிகவும் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போன வாசகத்தை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லாத ஆசிரியர் உண்டோ? சிற்றிலக்கியப் பாடத்தில் காப்புச் செய்யுளை விளக்கும்போதெல்லாம் நாம் இதைச் சொல்லத் தொடங்கினோம். நூல் இடையூறின்றி முடிய வேண்டுமென்று புலவன் காப்புப் பாடினான்; அதில் ஒரு பணிவு உண்டு; கைப்பேசிக்குக் காப்பு ஒட்டுவதில் இருப்பதோ வெறும் அச்சம்; நாளை அந்தக் காப்புக்கும் ஒரு காப்பு விற்பார்கள், அதையும் வாங்குவீர்கள் என்போம். வகுப்பு சிரிக்கும். நாமும் மகிழ்வோம். நம் கைப்பேசி மூன்றாண்டுகள் ஒரு கீறலுமின்றி இருந்தது வேறு நம் வாதத்துக்கு வலுச் சேர்த்தது. அது மேசையிலிருந்து சட்டைப் பைக்கும், சட்டைப் பையிலிருந்து மேசைக்கும் மட்டுமே பயணம் செய்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் காலப் படைத்துறைச் சிறப்புமிக்க 12 கோட்டைகளை ஒரே தொகுதியாக உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் 11 மராட்டிய மாநிலத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலை இக்கோட்டையை ஊடறுத்துக்கொண்டுதான் போகிறது. அதன் வழியே நாள்தோறும் பேருந்தில் வரும் மாணவர் பலர் ராஜகிரியின்மேல் ஒருமுறையும் ஏறியதில்லை. அறிவிப்பு வந்த சில வாரங்களில் இரண்டாமாண்டு மாணவர்களை அழைத்துக்கொண்டு சென்றோம்.

கீழ்க்கோட்டையின் மதிலருகே நின்று புறத்திணைகளைப் பற்றிப் பேசினோம். மதிலை வளைப்போன் செயல் உழிஞை. மதிலைக் காப்போன் செயல் நொச்சி. தொல்காப்பியம் நொச்சியை உழிஞையுள் அடக்க, புறப்பொருள் வெண்பாமாலை அதைத் தனித்திணையாக்கியது. புத்தகத்தில் படித்ததை மதிலைத் தொட்டுக்கொண்டு கேட்பது வேறாக இருந்தது போலும். மாணவர்கள் ஆர்வத்தோடு கேட்டார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் சேர்த்து வளைத்த மதிலையும், அதனுள் அமைந்த உள்மதிலையும், குன்றின் உச்சியில் தனியே நிற்கும் உள்ளரணையும் காட்டினோம். புறமதில் வீழ்ந்தால் போர் முடிந்துவிடுவதில்லை. வீழ்வதற்கென்றே முன்னிறுத்தப்பட்டது அது. அது தாங்கும் நாள்களில்தான் உள்ளிருப்போர் மூச்சு விடுவார்கள் என்றோம். வகுப்பில் நாமே சொல்லிவந்ததற்கு இது நேரெதிரானது என்பது அப்போது நமக்கு உறைக்கவில்லை.

ராஜகிரியில் பாதி ஏறியிருப்போம். அங்குள்ள குரங்குகளைச் செஞ்சிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. படியோரம் நின்று கிருஷ்ணகிரியைப் படம்பிடித்துக்கொண்டிருந்த மாணவி ஒருவரின் தோள்பையை நோக்கி ஒரு குரங்கு பாய்ந்தது. அவர் பதறிப் பின்வாங்க, கைப்பேசி நழுவிக் கருங்கல் படியில் முகங்குப்புற விழுந்தது. எடுத்துத் திருப்பியபோது திரை முழுவதும் விரிசல் ஓடியிருந்தது.

"போனால் போகட்டும் விடும்மா, உனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்றோம். பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டதாகவே நமக்கு நினைப்பு. "பரவால்லீங்க ஐயா" என்றார் அவர். பிறகு மேலே ஏறும் வரையிலும், இறங்கும் வரையிலும் அவர் ஒன்றும் பேசவில்லை.

அடிவாரத்தில் அவருடைய தோழி நம்மைத் தனியே அழைத்தார். "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. அவ டெம்பர் ஒட்டத்தான் காசு எடுத்து வச்சிருந்தா. நீங்க வகுப்புல சொன்னதக் கேட்டுட்டு, வேணாம்னு அந்தக் காசுல நோட்டு வாங்கிட்டா."

அந்தச் சொற்களில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

அக்கைப்பேசியின் பின்னணியை அன்று மாலைதான் அறிந்தோம். ஒரகடத்துப் பக்கம் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அண்ணன் தவணை முறையில் வாங்கிக் கொடுத்தது. தாயார் மல்லாட்டைக் காட்டிலும் நடவு வயலிலும் கூலி வேலை செய்பவர். கல்வி உதவித்தொகைக்கான கடவெண் வருவதும், வங்கிச் செய்தி வருவதும், தாயார் மகனோடு பேசுவதும் அந்த ஒரே கருவியில்தான். வாங்க இயலாத நூல்களின் பக்கங்களை நூலகத்தில் படமெடுத்து அதிலேயே சேர்த்துவைத்திருந்தார். நமக்குக் கைப்பேசி ஒரு வசதி. அந்த வீட்டுக்கு அது ஒரு கதவு.

மறுநாள் அதே கடைக்கு அவரோடு சென்றோம். அதே இளைஞர். திரையை மாற்ற 2,800 ரூபாய் ஆகும் என்றார். நாம் கேட்க நினைத்ததைத் தயங்கித் தயங்கிக் கேட்டோம். "டெம்பர் ஒட்டியிருந்தால் இது தப்பியிருக்குமா தம்பி?"

அவர் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது சார். மூலையில விழுந்தா டெம்பர் இருந்தாலும் போயிடும். இது குப்புற விழுந்திருக்கு. டெம்பர் மட்டும் ஒடஞ்சு உள்ள நல்லாவே இருந்திருக்கலாம். இங்க பாருங்க, ஏற்கெனவே கீறல் வேற இருந்திருக்கு."

வாடிக்கையாளருக்கு ஏற்ற விடையைச் சொல்லாமல் உண்மையைச் சொன்ன அவர்மீது நமக்கு மதிப்பு உண்டாயிற்று. நூறு ரூபாய்ப் பொருளை விற்பவர் காட்டிய அந்த எச்சரிக்கையை அதை எள்ளியவர் காட்டவில்லை. அதன் பிறகுதான், மூன்றாண்டுகளுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தோம். இயற்பியல் துறை நண்பர்களைக் கேட்டும், கிடைத்ததைப் படித்தும் கொஞ்சம் தெரிந்துகொண்டோம்.

முதலில் கைப்பேசியின் கண்ணாடியே சன்னல் கண்ணாடி போன்றதன்று. அதை ஏறத்தாழ 400 பாகை செல்சியசு வெப்பத்தில் உருகிய பொட்டாசியம் உப்பில் மூழ்க வைக்கிறார்கள். கண்ணாடியின் மேற்பரப்பில் உள்ள சிறிய சோடிய அயனிகள் வெளியேற, அவ்விடங்களில் பெரிய பொட்டாசிய அயனிகள் நெருக்கியடித்துக்கொண்டு அமர்கின்றன. அந்த நெருக்கமே மேற்பரப்பை இறுக்கி விரிசலைத் தடுக்கிறது. கூட்டம் நிறைந்த பேருந்தில் சிறுவன் எழுந்த இருக்கையில் பருத்த மனிதர் ஒருவர் அமர்வது போல என்று இயற்பியல் நண்பர் விளக்கினார். அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 1960களிலேயே இவ்வகை வலுவூட்டிய கண்ணாடியை உருவாக்கியும், அதற்குப் பெரிய சந்தை அமையவில்லை. 2007இல் ஐபோன் வந்தபோதுதான் அதன் வழிவந்த கொரில்லா கிளாஸ் கைப்பேசிக்குள் நுழைந்தது. ஆக, 'உள்ளிருப்பதே வலிய கண்ணாடி' என்ற நம் பழைய வாதத்தில் பாதி உண்மை உண்டு.

மறுபாதி நம் ஊர் மண்ணில் கிடக்கிறது. எது எதைக் கீறும் என்பதை வரிசைப்படுத்தி, செருமானியக் கனிமவியலார் பிரீட்ரிக் மோசு 1812இல் ஓர் அளவுகோலை வகுத்தார். மாக்கல்லுக்கு 1, வைரத்துக்கு 10. சன்னல் கண்ணாடி ஏறத்தாழ 5.5, கைப்பேசிக் கண்ணாடி 6 அளவில் நிற்கும். நாணயமும் பெரும்பாலான சாவிகளும் அதனினும் மென்மையானவை. ஆகவே சட்டைப் பையில் சாவியோடு கிடந்து கீறிற்று என்று நாம் சாவியின்மேல் சுமத்துவது பெரும்பாலும் வீண்பழி. குற்றவாளி குவார்ட்ஸ், நம் பக்கத்தில் வெங்கச்சாங்கல் என்போமே, அதுதான். அதன் வன்மை 7. ஆற்றுமணலில் பெரும்பகுதி அதுவே. கருங்கல் தேய்ந்து பறக்கும் தூசியிலும் அது உண்டு. குன்றும் பாறையுமான செஞ்சியில் காற்றடித்தால் பறப்பது அதுதான். புத்தகப் பையின் அடியில் கிடக்கும் ஒரு சிட்டிகை மண்ணுக்குச் சாவிக்கொத்தைவிட வலிமை அதிகம்.

கீறினால் என்ன, அழகுதானே கெடும் என்று கேட்கலாம், நாமும் கேட்டோம். ஆங்கிலேயப் பொறியியலாளர் ஆலன் ஆர்னால்டு கிரிஃபித் 1920களின் தொடக்கத்தில் இதற்கு விடை கண்டார். கண்ணாடி தன் கணக்குப்படியான வலிமைக்கு வெகு முன்பே உடைவதற்குக் காரணம் அதன் மேற்பரப்பில் உள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள். விசை முழுவதும் அவற்றின் முனையில் குவிகிறது என்றார். ஆழமாகக் கீறப்பட்ட கண்ணாடி உடையக் காத்திருக்கும் கண்ணாடி. இன்றைய கீறல் நாளைய விழுக்காட்டுக்கு வழி திறந்து வைக்கிறது. கடைக்கார இளைஞர் சாய்த்துக் காட்டிய பழைய கீறலின் பொருள் அப்போதுதான் விளங்கிற்று.

இனிக் காப்புக் கண்ணாடிக்கு வருவோம். அது கீறலைத் தானே ஏற்றுக்கொள்கிறது. இதில் ஐயமில்லை, இதற்கு மெல்லிய பிளாஸ்டிக் படலமே போதும். தட்டையாகவோ முகங்குப்புறவோ விழும்போது அடியின் ஒரு பகுதியையும் அது வாங்கிக்கொள்ளும். இதற்குப் படலம் உதவாது, கண்ணாடி வகையே வேண்டும். ஆனால் மூலையிலோ விளிம்பிலோ விழுந்தால், திரையின் முகத்தில் மட்டும் ஒட்டியிருக்கும் காப்பு என்ன செய்ய இயலும்? அவ்விடத்தில் திரையைவிடச் சற்றே உயர்ந்த விளிம்புள்ள உறைதான் துணை. உறையில்லாமல் டெம்பர் மட்டும் ஒட்டுவது, வாயிலைத் திறந்துபோட்டு மதில்மேல் காவல் வைப்பதற்கு ஒப்பானது.

கடைத்தெருவின் இரண்டு மயக்கங்களையும் சொல்லிவிட வேண்டும். அட்டைமேல் '9எச்' என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். மோசு அளவுகோலில் 9 என்பது நீலமணிக்கும் மாணிக்கத்துக்கும் உரிய இடம். நூறு ரூபாய்க் கண்ணாடி அங்கே ஏறுவதில்லை. அந்த எண் பென்சில் வன்மையின் எண். 9எச் பென்சிலால் கீறினாலும் தடம் விழாது என்பதே அதன் பொருள். இரண்டாவது மயக்கம் நம் மனத்தில் உண்டாவது. டெம்பர் உடைந்ததும், 'நல்லவேளை, இது இல்லாவிட்டால் திரை போயிருக்கும்' என்று பெருமூச்சு விடுகிறோம். அது அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய கண்ணாடி. திரை தாங்கக்கூடிய அடியிலும் தான் உடைந்துவிடும். ஆகவே உடைந்த ஒவ்வொரு டெம்பரும் ஒரு திரையைக் காப்பாற்றியது என்று கணக்கெழுத முடியாது. ஒட்டியதால் வரும் சிறு குறைகளும் உண்டு: வெயிலில் எதிரொளிப்பு கூடும், திரைக்கடியில் கைரேகை பார்க்கும் கருவிகள் சில தடுமாறும், திரவப் பசை ஊற்றி ஒட்டும் வகையில் பசை ஒலித்துளைக்குள் வழிந்து வேறு கேடு விளைவதும் உண்டு.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பின் நம் பழைய கேள்வியைத் திரும்பிப் பார்த்தோம். 'கண்ணாடிக்குக் கண்ணாடியே காவலா?' அது தவறான கேள்வி. இரண்டும் கண்ணாடிதான், ஒன்று 2,800 ரூபாய், மற்றொன்று நூறு ரூபாய் என்பதே அவற்றிடையே உள்ள வேறுபாடு. புறமதில் உள்ளரணைவிட வலிதாக இருக்க வேண்டுமென்பதில்லை. முதலில் இழப்பதற்கு ஏற்றதாக இருந்தால் போதும்.

மதிலே எல்லாம் என்றும் சொல்லவில்லை. முகலாயப் படை 1690இல் தொடங்கிய முற்றுகை 1698இல்தான் முடிந்தது. இராஜாராம் அதற்குள் தப்பிச் சென்றுவிட்டார். அதே கோட்டையை 1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையிலான பிரெஞ்சுப் படை ஓர் இரவுத் தாக்குதலில் கைப்பற்றிவிட்டது. மதில் பெரிதாக இருந்தும் காப்போர் சரியில்லாவிடின் பயனில்லை என்னும் கருத்தோடுதான் வள்ளுவரும் அரண் என்னும் அதிகாரத்தை முடிக்கிறார். கையில் கவனம் இல்லாதவனுக்கு டெம்பர் தரும் நன்மை சிறிதே.

எனினும் நாம் சறுக்கிய இடம் கண்ணாடியின் இயல்பைப் பற்றியது மட்டுமன்று. திரை உடைந்தால் நமக்கு அது அந்த மாதத்தின் ஓர் எரிச்சல். சம்பளம் வந்ததும் மாற்றிவிடுவோம். அந்த வசதியின்மேல் நின்றுகொண்டு, காப்பு ஒட்டுவோரை அச்சமுடையோர் என்றோம். இழப்பைத் தாங்கக்கூடியவனின் துணிச்சல் துணிச்சலே ஆகாது. அவனுக்கு இழப்பு வலிப்பதில்லை, அவ்வளவே. உடைந்தால் மாற்ற வழியில்லாத வீட்டில் நூறு ரூபாய் எடுத்துவைப்பது முன்னறிவு. அதை நாம் வேடிக்கையாக்கி ஒரு பிள்ளையின் கையிலிருந்து பறித்துவிட்டோம். அவர் அறியாமையால் இழக்கவில்லை. ஆசிரியர் சொல்லைத் தம் அறிவுக்கு மேலாக மதித்ததால் இழந்தார்.

திரையை மாற்றும் செலவை நாமே ஏற்பதாகச் சொன்னோம். அவர் ஒப்பவில்லை. பணமில்லாமல் இரண்டு வாரங்கள் விரிசலின்மேல் ஒட்டுநாடாவை ஒட்டிக்கொண்டு அதே கைப்பேசியைப் பயன்படுத்தினார். ஒருநாள் விடைத்தாள் வாங்க வந்தபோது அவருடைய பெருவிரலில் மெல்லிய வெட்டைக் கண்டோம். பிறகு நெடுநேரம் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். 800 ரூபாய் அவருடையது; எஞ்சிய 2,000 நாம் கொடுக்கும் கடன்; மாதம் 200 வீதம் திருப்பித் தருவார். 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை என்பதையும் அந்தப் பேச்சில் கற்றோம்.

அடுத்த வாரம் காப்புச் செய்யுள் பாடம் எதுவும் இல்லாதபோதே வகுப்பில் அந்தப் பேச்சை எடுத்தோம். முன்பு சொன்னது தவறு என்றோம். கீறலுக்கும் நேர் வீழ்ச்சிக்கும் காப்பு உதவும். மூலை வீழ்ச்சிக்கு உறை வேண்டும். '9எச்' கண்டு மயங்க வேண்டாம். விலை குறைந்த சாதாரண வகையே போதும். விரிசல் கண்டதும் மாற்றிவிடுங்கள். திரை போனால் உடனே மாற்றும் வசதி இல்லாதவர்கள் கட்டாயம் ஒட்டுங்கள். வசதி உள்ளவர்கள் உங்கள் விருப்பம்போல் செய்யுங்கள், ஆனால் பிறருக்கு அறிவுரை சொல்லாதீர்கள் என்றோம். கடைசி வாக்கியத்துக்குச் சிலர் சிரித்தார்கள். அம்மாணவி தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். யார் பெயரையும் நாம் சொல்லவில்லை.

தவணைகள் இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் துறை அறைக்கு வந்து இரண்டு நூறு ரூபாய்த் தாள்களை மேசைமேல் வைப்பார். நாம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வோம். அவரும் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். சென்ற முறை வந்தபோது அவருடைய புதிய திரையைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். டெம்பர் ஒட்டியிருந்தது. ஓரத்தில் கடுகளவு ஒரு குமிழி.

"ஒட்டும்போது தூசி மாட்டிக்கிச்சுங்க ஐயா" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்க போனுக்கு ஒட்டியாச்சுங்களா ஐயா?" என்று கேட்டார்.

"ஒட்டியாச்சும்மா" என்று சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினோம். அவர் அதை வாங்கி, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "நல்லா ஒட்டியிருக்காங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.